வலப்பக்கம் இழுத்த வண்டி

ஒரு மோட்டார் சைக்கிள் ஏன் ஒரு பக்கமாக இழுக்கிறது? நான் இயற்பியல் படித்தவள், அதையே கற்பித்துச் சம்பளம் வாங்குபவள். ஆனாலும் எனக்கு விடை தெரியாது. பேராசிரியர் இருதயராஜ் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கேள்விதான். அவர் மகள் பிரியா தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா காலையில போயிட்டார் ஆன்டி" என்றாள். கேட்க வேண்டியதைக் கேட்டேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இப்படிப்பட்ட அழைப்புகள் இப்போதெல்லாம் அடிக்கடி வருகின்றன. என்ன பேசுவது என்பது வாய்க்குப் பழகிவிட்டது. பேசி முடித்து, மேசையில் கிடந்த விடைத்தாள்களை மறுபடி எடுத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டில் எங்கள் கல்லூரியில் அவரிடம் பொருளாதாரம் படித்தவர்கள்தான் இந்த நினைவு மலரைப் படிக்கப்போகிறீர்கள். அவர் அன்பானவர் என்று நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். காலை முதல் வகுப்பில் ஆளே இருப்பதில்லை என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. பையன்கள் சினிமாவுக்குப் போகிறார்கள், கெட்டுப்போகிறார்கள் என்று முதல்வர் நீளமாகப் பேசினார். இருதயராஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்நேரத்துக்கு எந்தத் தியேட்டர் சார் திறந்திருக்கு?" என்றார். மதுராந்தகத்திலிருந்து வரும் பஸ், கல்லூரி மணி அடித்த பிறகுதான் வந்து சேர்கிறது என்பது அதன் பிறகே பேச்சில் வந்தது. "எது காரணம்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல எது காரணம் இல்லைன்னு சொல்லு." இதை அவர் வகுப்பில் எத்தனை முறை சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் கடலோரத்தில் புதுப்பட்டினத்தில் குடியிருந்தன. என் கணவருக்கு அந்தப் பக்கம் வேலை. நான் கல்லூரிக்குப் பஸ்ஸில் போவேன், இருதயராஜ் வண்டியில். அவர் மனைவி லில்லி டீச்சருக்குத் திருக்கழுக்குன்றத்தில் பள்ளிக்கூடம். தினமும் டீச்சரை அங்கே இறக்கிவிட்டுத்தான் அவர் செங்கல்பட்டுக்கு வருவார். பின் இருக்கையில் டீச்சர் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பையை வைத்துக்கொண்டு போவதை பஸ் ஜன்னலிலிருந்து பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். பிறகு டீச்சருக்கு நோய் வந்தது. சீக்கிரமே முடிந்தும்போனது.

அதற்கடுத்த ஆண்டு ஒரு நாள் ஆசிரியர் அறையில் இருதயராஜ் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "மேடம், வண்டி வலப்பக்கம் இழுக்குது. பிசிக்ஸ்ல இதுக்கு என்ன சொல்றீங்க?"

சாலைச் சரிவைச் சொன்னேன். நம் சாலைகள் ஓரத்துக்குச் சரிந்திருப்பவை, அப்படியானால் இடப்பக்கம்தானே இழுக்க வேண்டும் என்றார். கடற்காற்றைச் சொன்னேன். ஞாயிறன்று கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினார். போகும்போது கடல் வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம். இழுப்பு மட்டும் இரண்டு வழியிலும் வலப்பக்கம். டயரில் காற்று, சக்கரத்தின் நேர், முன்பக்க ஃபோர்க் என்று நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் மெக்கானிக் பாஷாவிடம் பார்த்துவிட்டு வந்து "அது இல்லை" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஏதோ திருப்தி இருந்தது.

கடைசியில் பாஷாவுக்குச் சலித்துவிட்டது. "வீலு நேரா கீது சார். ஃபோர்க்கு நேரா கீது. பேரிங்கு புச்சா போட்டுட்டேன். நான் ஓட்னா நேராத்தான் போவுது. நீ ஒரு தபா டாக்டராண்ட உன்னக் காமி."

காட்டினார். கண், காது, ரத்த அழுத்தம், கை நடுக்கம் எல்லாம் பார்த்தார்கள். "டாக்டர் எனக்கு ஒண்ணும் இல்லைங்கிறார். பாஷா வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்கிறான். அப்புறம் நடுவுல யார் மேடம் இழுக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

சிரிப்பதற்கில்லை. வலப்பக்கம் என்றால் எதிரே வரும் வண்டிகளின் பக்கம். ஒருமுறை லாரிக்காரன் நிறுத்தி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான். புதுப்பட்டினம் சின்ன ஊர், நாவலூரில் வேலை பார்த்த பிரியா காதுக்கு அது எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். டீச்சர் போன பிறகு அவருக்கென்று மிஞ்சியிருந்தது கல்லூரியும் அந்த வண்டியும்தான். ஓய்வுபெறவும் அதிக நாள் இல்லை.

அந்த வாரச் சனிக்கிழமை கல்லூரி முடிந்து வீடு திரும்பும்போது, வழியில் மாற வேண்டிய பஸ் வரவில்லை. திருக்கழுக்குன்றம் நிறுத்தத்தில் நான் நின்றிருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. ஆனால் காத்திருந்து அலுத்துப்போயிருந்தேன். சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும், "மேடம், இழுக்கல" என்றார்.

அடுத்த நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டுத் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார். இழுத்தது. மறுபடி என்னை ஏற்றிக்கொண்டார். இழுக்கவில்லை. இப்படியே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தோம். நிழலில் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "இன்னா சார், அந்தம்மாவ ஏத்துற, எறக்குற, ஏத்துற. வூட்டுக்கு இட்டுனு போவியா மாட்டியா?"

"வண்டி கத்துக்கினு கீறாரு, வுடு" என்றாள் மற்றவள்.

இருக்கையைப் பார்த்தேன். ஓட்டுபவர் உட்காரும் இடம் வலப்பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது. பின்னால் ஒருபக்கமாக உட்காருபவரின் கனம் இடப்பக்கம் விழும். அதைச் சமன் செய்ய ஓட்டுபவர் தன்னை அறியாமல் வலப்பக்கம் நகர்ந்து உட்காருவார். வருடக்கணக்காக அப்படி உட்கார்ந்த உடம்பு, பின்னால் ஆள் இல்லாதபோதும் அப்படியே உட்காரும். இதை அவரிடம் சொன்னேன். அவர் இருக்கையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "காரணம் இதுதான்னு சொல்லல சார், இருக்கலாம்னு சொல்றேன்" என்றேன்.

"போதும் மேடம். நாளைக்கு வீட்டுக்கு வாங்க. பிரியாகிட்ட நிரூபிச்சிடலாம்."

அன்று மாலை காகிதத்தில் விசைகளை வரைந்து பார்த்தேன். ஒரு மாதிரி வரைந்தால் வண்டி வலப்பக்கம் போனது, இன்னொரு மாதிரி வரைந்தால் இடப்பக்கம் போனது. பின்னரும் வரைந்து பார்த்திருக்கிறேன். நான் சொன்ன காரணம் அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு அதன்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. இரங்கல் கூட்டத்தில் யாராவது அதைக் கண்ணீரோடு சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: எது இல்லை என்பதிலிருந்து தொடங்குவது, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைப்பது. ஆகவே அடுத்த நாள் நடந்ததை நடந்தபடி எழுதி முடிக்கிறேன்.

பிரியா சுடிதாரில் வந்திருந்தாள். அப்பா சொன்னதால் அரை மனதோடு பின்னால் ஏறினாள், இரண்டு பக்கமும் கால் போட்டு. அவள் தலைமுறைக்கு அப்படித்தான் உட்காரத் தெரியும். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி வலப்பக்கம் இழுத்தது. அவள் அவர் தோளைப் பற்றிக்கொண்டு, "அப்பா, போதும்" என்றாள்.

"அம்மா மாதிரி ஒருபக்கமா உட்காரு பிரியா" என்றேன்.

"விழுந்துடுவேன் ஆன்டி" என்றாள். ஆனாலும் அப்படி உட்கார்ந்தாள். வண்டி கடைத்தெரு வரை போய்த் திரும்பியது, நேராக. அவர் முகத்தில் வகுப்பில் ஜெயித்த களை.

பிரியா இறங்கி நின்றாள். "நேராத்தான் போகுதுப்பா. நான் நம்புறேன். ஆனா நீங்க தனியா போகும்போது பின்னாடி யார் உட்காருவா?"

"புது சீட் போட்டுப் பார்க்கலாமே" என்றேன் நான்.

அவர் இருக்கையைப் பார்த்தார். "வேணாம் மேடம். அது அப்படியே இருக்கட்டும்" என்றார். வண்டியை நிறுத்தி, பூட்டி, சாவியை மகள் கையில் கொடுத்தார். அவள் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி, காலையில் செங்கல்பட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.