கண்ணாடியில் நேராக நின்றவள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. பேய் ராத்திரியில்தான் வரும், வெள்ளைச் சேலையில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இது பட்டப்பகலில், கல்யாண வீட்டில், நூறு பேர் பந்தியில் இருக்கும்போது நடந்தது. 1937, தை மாதம். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு, மாப்பிள்ளையின் வீடு.

படம் பிடிக்கத் திருச்செங்கோட்டிலிருந்து அருணகிரி வந்திருந்தார். சாமிக்கே பயப்படாத மனிதர், பேய்க்கா பயப்படுவார்? "என் பெட்டிக்குள்ள வெளிச்சம் மட்டுந்தான் போவும்" என்பார்.

மாப்பிள்ளை தண்டாயுதபாணிக்கு இது இரண்டாம் கல்யாணம். மூத்தவள் பூவாத்தாள், போன ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக் கூட்டத்தில் எவனோடோ ஓடிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தான். தலைகுனிந்து போன பெண்வீட்டார், அவள் தங்கை சௌந்திரத்தையே அவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அக்கா ஓடியதற்குத் தங்கை தண்டம். என்ன நியாயமோ!

காலை 10:40. வாசலில் நாற்காலி போட்டு மாப்பிள்ளையை உட்காரவைத்தார் அருணகிரி. பக்கத்தில் பெண்ணை நிறுத்தினார். அவள் தள்ளியே நின்றாள்.

"கொஞ்சம் ஒட்டி நில்லுங்க அம்மிணி."

"இதுவே போதுங்க."

சரியென்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அந்தக் காலத்துக் கேமராவின் பின்புறம் மங்கலாக ஒரு கண்ணாடி இருக்கும். அதில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். ஆள், நாற்காலி, கூரை, எல்லாமே. அவருக்கு அது பழகிப்போன விஷயம்.

மாப்பிள்ளை தலைகீழாகத் தெரிந்தான். பெண்ணும் அப்படியே.

நடுவில் இன்னொருத்தி.

அவள் மட்டும் நேராக நின்றாள்.

துணியை விலக்கிப் பார்த்தார். இரண்டே பேர்தான் இருந்தார்கள்.

10:44. மறுபடி உள்ளே போனார். இருந்தாள்! அவிழ்ந்த கூந்தல் மேல்நோக்கி எழும்பியிருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதுவும் மேலேதான் போனது.

சொட்... சொட்...

சத்தம் துணிக்குள்ளேயே கேட்டது. பாசி நாற்றம் வேறு.

அருணகிரி ஓடவில்லை. உள்ளே இருந்தபடியே கத்தினார்.

"நடுவுல ஒரு பொம்பள நிக்குதுங்க. புருவத்துல வெட்டுத் தழும்பு. தலையெல்லாம் ஈரம்."

மாப்பிள்ளை துள்ளி எழுந்தான். "போதும்! பெட்டியக் கட்டுய்யா!"

சௌந்திரம் அசையவில்லை.

"அது எங்கக்கா" என்றாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "உக்காருங்க. மூணு பேரும் இருக்கறப்பவே படம் புடிக்கட்டும்."

சத்தம் கேட்டுப் பந்தியில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் ஓட முடியுமா? உட்கார்ந்தான்.

அருணகிரி லென்ஸ் மூடியைக் கழற்றினார். "அசையாதீங்க. நீயுந்தான் தாயி."

ஒன்று... இரண்டு... மூன்று...

சொட்.

10:52. மூடினார்.

சௌந்திரம் புதுத் தாலியோடு நேரே தகப்பன் சின்னுசாமியிடம் போனாள்.

"அப்பா, அக்கா ஓடலைங்க, தண்ணிக்குள்ளதான் கெடக்கறா. மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால ஆடியிலிருந்து முள்ளுப் போட்டு மூடியிருக்குதே பாழுங்கெணறு, அதை எறைங்க. அதுவரைக்கும் இந்த ஊட்டுப் படி ஏற மாட்டேன்."

கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். அவள் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாடு பூட்டி இரண்டு நாள் இறைத்தார்கள். முதல் நாள் பொழுது சாயும் முன்பே தண்டாயுதபாணியைக் காணவில்லை. அருணகிரி திருச்செங்கோடு போய்ப் படத் தகட்டைக் கழுவிப் பார்த்தார். படத்தில் இரண்டே பேர். நடுவில், காய்ந்த வாசல் மண்ணில் மட்டும் வட்டமாக ஈரம்.

மூன்றாம் நாள் காலை 9:15. சேறு தெரிந்தது. திரும்பி வந்திருந்த அருணகிரியும் எட்டிப் பார்த்தார்.

முதலில் தெரிந்தவை இரண்டு பாதங்கள். விரலில் மெட்டி அப்படியே இருந்தது.

கழுத்தில் ஆட்டுக்கல்லைக் கட்டி இறக்கியிருக்கிறான். தலை சேற்றுக்குள்... கால் மேலே...

தலைகீழாக நிற்பவள்தானே அந்தக் கண்ணாடியில் நேராகத் தெரிவாள்? ஆடியிலிருந்து தைவரை அவள் அப்படியேதான் நின்றிருக்கிறாள்.