எண்ணெய் பூசிய கிடாய்

ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில், எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிய ஒரே பெண்பிள்ளை செல்லாயிதான். புருஷன் செத்த பதினேழாம் நாள் சாட்டையை எடுத்துக்கொண்டு, எருதுகளைப் பூட்டிக் கிணற்று மேட்டில் ஏறிவிட்டாள். ஊர் வாயைப் பிளந்தது. "ஓட்டறது பொம்பளையா ஆம்பளையான்னு எருது கேக்குதாக்கும்?" என்றாள். தோல்சால் தண்ணீரோடு மேலே வந்தது. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

கிணறு பொதுக் கிணறு. ஒரு நாள் செல்லாயி முறை, மறுநாள் கொழுந்தன் செங்கோடன் முறை. தண்ணீர் சமம்தான், வெள்ளாமைதான் சமமில்லை. செல்லாயி விடியலில் களை பறித்தாள், ஆட்டுப் புழுக்கை போட்டாள், அவள் மிளகாய்ச் செடிகள் இடுப்புயரம் நின்று காய்த்தன. செங்கோடன் முதுகில் வெயில் சுட்ட பிறகு எழுந்து, வரப்பில் குந்தி, அவள் செடிகளைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க மனுஷனுக்கு வயிறு எரிந்தது. தன் காட்டைப் பார்த்திருந்தால் நாலு களையாவது குறைந்திருக்கும்!

ஒரு நாள் ஊர்க்கூட்டத்தில் கத்திவிட்டான். "எங்கண்ணன் பொண்டாட்டி என்ற முறைத் தண்ணியத் திருடறாளுங்க!"

கண்ணால் கண்டவர் யாருமில்லை. பெரியவர்கள் தலையைச் சொறிந்து, மாரியம்மனையே கேட்பதென்று முடிவு செய்தார்கள். கிடாயைக் கோயில் முன் நிறுத்தி மூன்று தரம் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது உடம்பை உதறித் துலுக்கினால் செல்லாயி யோக்கியம். துலுக்காவிட்டால் அவள் கிணற்றுப் பங்கு போச்சு. கிடாயைக் கொண்டுவர வேண்டியவன் குற்றம் சொன்னவன். கோயில் திருவிழாவான நோம்பியன்று சோதனை. அதற்குப் பதினைந்து நாள் இருந்தது. அதுவரை அவள் கவலை பூட்டக் கூடாது.

"மண்ண வாரித் தூத்தி அவனச் சபிச்சுடுடி" என்றாள் பக்கத்துக் காட்டு மாரக்காள்.

"எதுக்கு? ஆத்தாளுக்குக் கண்ணு தெரியாதா? அவ பாத்துக்குவா."

சொல்லிவிட்டாளே தவிர, செடிகளைக் காயவிட மனசில்லை. குட்டையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. அப்படியும் முப்பது செடி காய்ந்தது. பொழுது சாயக் கோயிலுக்குப் போய், இன்றைக்கு இத்தனை செடி போயிற்று என்று அம்மனிடம் ஒப்பித்துவிட்டு வந்தாள்.

செங்கோடனோ அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கிணற்றோரப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்தான். பதினைந்து நாளும் சோறு தின்னவும் கிடாயைக் கவனிக்கவும் தவிர இறங்கவில்லை. கிணறு முழுக்க அவன் கையில் இருந்தும் ஒரு சால் தண்ணீர் இறைக்கவில்லை. அவன் மிளகாய்க் காடு சருகாகிப் போனது.

நோம்பியும் வந்தது. கறுப்புக் கிடாய் மினுமினுவென்று நின்றது. "நல்லா வளத்திருக்கறீங்க" என்றார் பூசாரி ஆண்டி. செங்கோடன் பெருமையாகக் கிடாயின் பக்கத்திலேயே புது வேட்டியோடு நின்றுகொண்டான்.

முதல் சொம்பு ஊற்றினார். தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடியது. கிடாய் அசைபோட்டது. இரண்டாம் சொம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. செல்லாயி அம்மனைப் பார்த்துக் கைகூப்பினாள். "ஆத்தா, உன்னய நம்பித்தான வாயத் தொறக்காம இருந்தேன்" என்று கும்பிட்ட கையை இறக்காமல் நின்றாள்.

மூன்றாம் சொம்பு காதுக்குள் இறங்கிவிட்டது. துலுக்கியதே பார்க்கணும்! கொம்பு முதல் வால் வரை உதறிய உதறலில், செங்கோடன் மூஞ்சி, மீசை, வேட்டி எல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள் அவன் பெண்டாட்டி வசந்தாமணி. வேட்டியை மோந்து பார்த்தாள்.

"அடப் பாவி மனுசா! மூணு நாளு கொட்டமுத்து இடிச்சுக் காய்ச்சுன என்ற வெளக்கெண்ண! நாயி நக்கிடுச்சுன்னு சொன்னீங்களே!"

பூசாரி கிடாயைத் தடவிக் கையை மோந்தார். தண்ணீர் உடம்பில் ஒட்டாமல், கிடாய் துலுக்காமலிருக்க அவன் செய்த வேலை ஊருக்கே புரிந்துபோயிற்று. சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

"இவன் முறையப் பதினஞ்சு நாளு நிறுத்தோணும்" என்றார்கள் பெரியவர்கள்.

"வேண்டாமுங்க" என்றாள் செல்லாயி. "நிறுத்தி என்ன பண்ணப் போறீங்க? தண்ணி பாய்ச்ச அவன் காட்டுல ஒரு செடி மிச்சமில்லீங்க."

செங்கோடன் அப்போதுதான் தன் காட்டை நினைத்தான். எண்ணெய் வடியும் மீசையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எல்லோரும் போன பிறகு செல்லாயி அம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டாள். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்தாள்.

"எல்லாஞ் செரி ஆத்தா. மொதச் சொம்புலயே துலுக்க வெச்சிருந்தா உனக்கென்ன கொறஞ்சு போயிருக்கும்? என்ற உசுரே போயிருச்சு!"

சொல்லிவிட்டுக் கவலை பூட்ட ஓடினாள். அன்றைக்கு அவள் முறை.