‘அனுமதி வேண்டி’ என்ற ஒரு வரி

காவல் நிலையத்துக்கு எதிர்க் கடையில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்பவளை எல்லோரும் டைப்பக்கா என்றே அழைத்தார்கள். ஓர் எழுத்து பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பாள். ஊர்வலமோ கூட்டமோ, யார் வந்தாலும் மனுவின் பொருள் வரி ஒன்றுதான்: “அனுமதி வேண்டி.” கடையின் பழைய முதலாளி அப்படிப் பழக்கியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை அவளுடைய நாத்தனார் வந்தாள். அரசு மருத்துவமனையில் சலவை வேலை. நீராவி இயந்திரத்தின் மூடி தெறித்து, பக்கத்தில் நின்றவளின் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. மூடி பழுது என்று மூன்று முறை சொல்லியும் மேலே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம், மருத்துவமனைக்கு எதிர் நடைபாதையில் அட்டை பிடித்து நிற்க நாற்பது பெண்கள் முடிவு செய்தார்கள். டைப்பக்கா மனுவை அடித்துக் கொடுத்தாள். புதன்கிழமை காவல் நிலையத்திலிருந்து பதில் வந்தது: “பொது அமைதி கருதி அனுமதி மறுக்கப்படுகிறது.”

“நாங்க வாயே தொறக்கப்போறதில்ல அண்ணி. இதவிட அமைதி எங்க கெடைக்குமாம்?”

டைப்பக்கா தாளை எடுத்துக்கொண்டு, தான் வழக்கமாக அடித்துக்கொடுக்கும் வக்கீலிடம் போனாள். அவர் பொருள் வரியிலேயே நின்றுவிட்டார்.

“ஏங்க்கா அனுமதி கேக்குறீங்க? சட்டப்படி தெரிவிச்சா போதும். தடுக்கணும்னா என்ன ஆபத்துன்னு அவங்கதான் எழுத்துல காட்டணும். நீங்களா போய்க் கேட்டா, இல்லன்னு சொல்ல கசக்குமா?”

டைப்பக்கா அந்த வரியையே பார்த்தாள். தன் கையாலேயே எத்தனை பேரைக் கெஞ்ச வைத்திருக்கிறாள்!

வியாழன் காலை அவளும் நாத்தனாரும் நிலையத்துக்குப் போனார்கள். புதுத் தாளில் “தெரிவித்தல்” என்றிருந்தது. ஆய்வாளர் அதைத் தள்ளிவிட்டார்.

“அனுமதின்னு போட்டு எடுத்துட்டு வா.”

“எதுக்கு சார், மறுபடியும் இல்லன்னு சொல்றதுக்கா?” என்றாள் டைப்பக்கா.

“ஆம்புலன்ஸ மறிச்சா யாரு பொறுப்பு?”

“அதனாலதான் எதிர் நடைபாதை. இன்னும் தள்ளி நிக்கணுமா, சொல்லுங்க, நிப்பாங்க. நிக்கவே கூடாதுன்னா காரணத்த எழுதிக் குடுங்க.”

“நீ என்ன வக்கீலா?”

“இல்ல சார். உங்க கம்ப்யூட்டர் படுத்தப்பல்லாம் மறுப்புக் கடுதாசி அடிச்சுக் குடுத்தவ. பென்ஷன்காரங்களுக்கும் அதே வரி, கண்ணு தெரியாதவங்களுக்கும் அதே வரி. பேரும் தேதியும்தான் மாறும். எல்லாராலயும் ஒரே ஆபத்தா சார்?”

ஆய்வாளர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் பேனாவை எடுத்தார். “காரணம்” என்று எழுதினார். அதற்குமேல் பேனா நகரவில்லை. கடைசியில் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, அவர்கள் கொண்டுவந்த தாளில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தினார்.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு டைப்பக்காவும் போய் நின்றாள். ஆம்புலன்ஸ்கள் தடையில்லாமல் வந்து போயின. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் மாடி ஜன்னலை இழுத்துச் சாத்தினார். ஒரு மணி நேரம் முடிந்த அந்த நிமிடமே ஒரு காவலர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“டைம் ஆச்சு, கெளம்புங்க.”

நாத்தனார் அட்டையை இறக்கினாள். டைப்பக்காவின் கண்கள் அந்த ஜன்னலிலேயே இருந்தன.

“ஒரு மணி நேரம்னு அடிச்சது என் தப்பு,” என்றாள். “அடுத்த வெள்ளிக்கு நாள் முழுக்கன்னு அடிக்கிறேன்.”