ஏழு நாள் சீமெந்து

கொட்டகலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியராகச் சேர்ந்த இரண்டாவது வருடம், அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டினார்கள். வயதானவர்களை வேலையிலிருந்து நிறுத்துவதை அங்கே அப்படித்தான் சொல்வது. பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும், அந்த ஒற்றை அறை வீடும், போகும். அப்பா இல்லை. வீட்டில் தோட்ட வேலை செய்யும் வேறு ஆளும் இல்லை. மாத முடிவுக்குள் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நானோ பாடசாலைப் பின்னறையில் இன்னும் இரண்டு ஆசிரியர்களோடு படுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவை எங்கே வைப்பது?

கடைவீதியில் ஒரு துணிக்கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு பூட்டிக் கிடந்தது. கடை முதலாளி நிதானமான முஸ்லிம் மனிதர். முன்பு குடியிருந்தவர்கள் அறைக்குள்ளேயே விறகு பிளந்து, உரலைப் போட்டு இடித்து, பலகைத் தரையை உடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பலகை போன இடத்தில் மண் தெரிந்தது. அவர்களும் எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்தாம் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

"புதுத் தரை போடத்தான் போறேன் மாஸ்டர். என்ன தரைன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க, இருக்கப் போறது நீங்க. ஆனா விறகு, உரல், சாணி இந்த மூணும் உள்ள வரக்கூடாது. தரை கெட்டா வீடு இல்ல."

சரி என்றேன். அடுத்த ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். எதைத் தொலைத்தீர்கள் என்று தலைமை ஆசிரியர் கேட்டார். தரை பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? தபால் கந்தோரில் முத்திரை வாங்க ஆட்கள் நிற்கும் இடத்தில் பலகை குழிந்து போயிருந்தது. சலூனில் விரித்திருந்த பூப்போட்ட லினோலியத்தைக் கண்டு முதலில் மயங்கினேன். நாற்காலியைச் சுற்றி அது வட்டமாகத் தேய்ந்து, ஓரத்தில் ஈரம் ஏறி உப்பியிருந்தது. கடைசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். தேயிலைப் பெட்டிகளைத் தரதரவென்று இழுத்துப் போகிற அந்தச் சீமெந்துத் தரையில் கீறல்கள் இருந்தன, பள்ளம் ஒன்றுகூட இல்லை. அங்கிருந்து நேரே கடைக்குப் போய், சீமெந்து என்றேன்.

புதன்கிழமை ஒரு சிங்கள பாஸ் வந்து இரண்டு அறையையும் சமையல் மூலையையும் பூசி முடித்தார். கொத்து வேலைக்காரரை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். போகும்போது, "ஏழு நாள் தண்ணி போட வேணும், காய விட வேணாம்" என்று தெரிந்த தமிழில் இரண்டு தடவை சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது. நம்பத்தான் முடியவில்லை. கூரைத் தகரம் ஒழுகினால் சேறாகிவிடும் மண் தரையில் வளர்ந்தவன் நான். தண்ணீர்தான் தரைக்குப் பகை என்பது எனக்குள் ஊறிப் போயிருந்தது. அவர் சொன்னதற்காகக் காலையில் ஒரு கை தெளித்தேன். உடனே சாக்கால் ஒற்றித் துடைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வந்தால், கதவுக்கு வெளியிலேயே சாணி மணம். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். அறை இரண்டும் பச்சையாக மெழுகியிருந்தது. சமையல் மூலைக்கு மட்டும் சாணி பற்றவில்லையாம்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"வெள்ளிக்கிழமைப்பா. குடி வரப்போற வீடு, மெழுகாம விடுவாங்களா? சாம்பல் கணக்கா வெளுத்துக் கெடந்துச்சு, பாக்கவே நல்லால்ல."

முதலாளி போட்ட நிபந்தனையைச் சொன்னதும் அம்மா முகம் சுண்டிப் போயிற்று. வாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதுதான் எனக்கு மேலும் வலித்தது.

வாளி வாளியாக ஊற்றிக் கழுவப் பயம். காயவிட்டால் சாணி இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்று அதைவிடப் பயம். ஆகவே கடைவீதியில் கேட்டு வாங்கிய சாக்குகளை நனைத்து, அறை இரண்டிலும் சாணியின் மேல் விரித்தேன். காலையும் மாலையும் சாக்கில் ஈரம் போகாமல் பார்த்துக்கொண்டேன். தரையைக் கெடுக்கிறோமே என்று மனம் அடித்துக்கொண்டது. சமையல் மூலையை மட்டும் முன்போலவே தவறாமல் துடைத்துக் காய வைத்தேன்.

அடுத்த புதன் முதலாளியும் பாஸும் சேர்ந்து வந்தார்கள். பாஸ் சாக்கைச் சுருட்டினார். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார். மங்கலான பச்சை திட்டுத் திட்டாக நின்றது. பூச்சுக் கரண்டியின் காம்பால் தட்டினார். கல்லில் தட்டினாற்போலக் கேட்டது. இரண்டாவது அறையிலும் அப்படியே, ஒரு வெடிப்பு இல்லை. சமையல் மூலையில்தான் சிலந்தி வலைபோல வெடித்திருந்தது.

"இங்க ஏன் தண்ணி போடல்ல?" என்றார்.

காய வைத்ததைச் சொன்னேன். அம்மா மெழுகியதையும் மறைக்காமல் முதலாளியிடம் சொன்னேன். பாஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அறை இரண்டும் பிழைத்தது ஈரத்தைப் பிடித்து வைத்த அந்தச் சாணியாலும் சாக்காலும்தான் என்று முதலாளிக்குச் சிங்களத்தில் விளக்கினார்.

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார். "வெள்ளிக்கிழமையே தெரியும் மாஸ்டர். சேலை பார்க்க வந்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனாங்க. நீங்க வந்து சொல்றீங்களான்னுதான் பார்த்தேன். மூலையை பாஸ் திரும்பப் பூசட்டும், இந்தத் தடவை தண்ணியை ஊத்துங்க. அம்மா எப்ப வர்றாங்க?"

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேனா, நாளைக்கே என்று சொன்னேனா, நினைவில்லை. அன்று மாலையே தோட்டத்துக்கு நடந்தேன். அம்மா காம்பரா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கயிறு எங்கே இருக்கிறது, பெட்டியைக் கட்ட வேண்டும் என்று உள்ளே தேடப் போனார்.