மினரல் ஆயில் இல்லாத ஸ்டோர்

கடலுக்கு மேலே போன பயிற்சி விமானம், ஆயில் பிரஷர் இறங்கியதால் பாதியில் திரும்பி வந்தது. நானும் செல்வமும் ஓடிப்போய்ப் பார்த்தோம். அடிப்பகுதி முழுக்கக் கறுத்த எண்ணெய். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தேன், நுனியில் மட்டும்தான் ஈரம். பறக்கக் கற்றுக்கொண்டிருந்த மாணவி இறங்கி, ஹேங்கர் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். செல்வம் துணியை எடுத்து அந்த எண்ணெயைத் துடைக்கத் தொடங்கினான். அந்த இன்ஜின் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட்டவன் அவன்.

பினாங்கில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் நானும் அவனும் லைசென்ஸ் உள்ள இன்ஜினியர்கள். என்னைவிட இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். அந்த விமானத்தின் இன்ஜினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் முடிந்து வந்தபோது ஸ்டோரில் மினரல் ஆயில் இல்லை. டிஸ்பர்சன்ட் கலந்த எண்ணெய்தான் இருந்தது.

இளையவர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். ஓவர்ஹால் செய்த இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு கொஞ்சம் உரசித் தேய்ந்தால்தான் சரியாக உட்காரும். அதுவரை எதுவும் கலக்காத மினரல் ஆயில் வேண்டும். எண்ணெய்ச் செலவு சீரான பிறகு டிஸ்பர்சன்ட்டுக்கு மாறலாம். அது அழுக்கைப் படியவிடாது, தேய்மானத்தையும் குறைக்கும். முதலிலேயே ஊற்றினால் தேய வேண்டியது தேயாது. எங்கள் இன்ஜினின் மேனுவலும் இதைத்தான் சொன்னது.

மேனேஜர் அழகப்பனிடம் ஆர்டர் போட்டுக் காத்திருக்கச் சொன்னேன்.

"இது வெல கூடின எண்ணெய், லலிதா. நல்லதுதானே? பிள்ளைங்க கிளாஸுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க லா."

"நல்ல எண்ணெய்தான் சார். இப்ப ஊத்துனா ரிங் உக்காராது. நான் சைன் பண்ண மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. சரி என்றார். மறுநாள் வேலைக்கு வந்தபோது அந்த விமானம் பறந்துகொண்டிருந்தது. செல்வம் கையெழுத்துப் போட்டிருந்தான். இவ்வளவு தெரிந்தவன் இப்படிச் செய்யலாமா என்று எனக்கு அவன்மேல் ஆத்திரம். பல நாள் அவனோடு சேர்ந்து தேநீர்கூடக் குடிக்கவில்லை.

எண்ணெய்ச் செலவு குறையவே இல்லை. செல்வம் காலைதோறும் ஊற்றிக்கொண்டே இருந்தான். விமானத்தை நிறுத்தி சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று இருவருமே சொன்னோம். பள்ளி விடுமுறை வரட்டும் என்றார் அழகப்பன். விடுமுறைக்கு முன்பே விமானம் பாதி வழியில் திரும்பியது.

கழற்றியபோது சிலிண்டர் சுவர்கள் கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தன. ரிங்குகள் உட்காரவே இல்லை.

முதலாளிகள் விசாரித்த கூட்டத்தில், அந்த எண்ணெயை ஊற்றச் சொன்னது மேனேஜர்தான் என்று அவர் முன்னாலேயே சொன்னேன். அழகப்பன் நிதானமாகப் பதில் சொன்னார்: "நான் இன்ஜினியர் இல்ல. எனக்கு எண்ணெயப் பத்தி என்ன தெரியும்? சைன் பண்ணது யாரு?"

செல்வத்தை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் சிலிண்டர்களை வழவழப்புப் போக உரசி, புது ரிங் மாட்டி, மினரல் ஆயில் ஊற்றினேன். இம்முறை ஸ்டோரில் பெட்டி பெட்டியாக இருந்தது. இன்ஜின் நன்றாக ஓடியது. என்னைத் தலைமை இன்ஜினியர் ஆக்கினார்கள்.

செல்வம் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்புக்குப் போய்விட்டான். ஒருநாள் டத்தோ கிராமாட் பாசாரில், மீன் கடைப் பக்கம் அவனைப் பார்த்தேன். ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று அப்போதுதான் கேட்டேன்.

"நீங்க பெர்மனென்ட், அக்கா. மாட்டேன்னு சொல்லலாம். எனக்கு அப்ப அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியறதா இருந்துச்சு. அத சொல்லிட்டுத்தான் மேனேஜர் பேனாவ நீட்டுனாரு."

மீன் பையைக் கை மாற்றிக்கொண்டு, பஸ் வந்துவிட்டது என்று போய்விட்டான்.

எந்த இன்ஜினுக்கு எந்த எண்ணெய் என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அடுத்து யாரைக் கூப்பிடுவார்கள், அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

அழகப்பன் இன்னும் அங்கே மேனேஜர்தான்.