தரையை மிதிக்க மறந்த வாரம்

படித்தவர்கள் எழுத வேண்டிய விஷயம் இது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷமும் அதற்குப் பிறகு மூன்றாம் படிவம் வரையும்தான் படித்தவள். நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற பெண் பேனாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளே என்று யாராவது நினைத்தால் அதில் தப்பில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குள் இன்டர்நெட் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சு இன்னும் நினைவிருக்கிறது. அதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். பலகைத் தரை. கீழே பூக்கடை. அதை நடத்தியவர் என்னைவிட மூத்தவர், தெருவுக்கே அக்கா. அவருடைய கடை போன் லைனிலிருந்துதான் ஒரு ஒயரை மாடிக்கு இழுத்து எங்களுக்கும் ஒரு போன் வைத்துக் கொடுத்திருந்தார். லைன் ஒன்று, போன் இரண்டு. மணி அடித்தால் அக்கா கீழே எடுப்பார். எங்களுக்கு என்றால் துடைப்பக் கட்டையால் கூரையில் இடிப்பார், நாங்கள் மேலே எடுப்போம்.

நாங்கள் வெளியே கூப்பிடுவதில்தான் சிக்கல். மேலே நம்பரைச் சுழற்றினால் கீழே அவருடைய போன் கிணுக் கிணுக்கென்று சிணுங்கும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் எடுத்துவிடுவார், எங்கள் நம்பர் கெட்டுவிடும். அதனால் நம்பரைச் சுழற்றுவதற்கு முன்னால் தரையில் இரண்டு மிதி மிதிக்க வேண்டும். 'மேலே நாங்கள்தான், எடுக்காதீர்கள்' என்று அதற்கு அர்த்தம். "நம்ம வீட்டுல போன் போடணும்னா முதல்ல காலாலதான் போடணும்" என்று என் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

அவர் கிள்ளானில், துறைமுகத்துக்குச் சாமான் அனுப்பும் ஒரு ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். கப்பல் தேதியெல்லாம் குறித்து வைக்க முதலாளி அவருக்கு ஒரு ஆர்கனைசர் கொடுத்திருந்தார். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு சின்னக் குச்சியால் கண்ணாடியில் கிறுக்கினால் எழுத்தாக மாறும். அந்த வருஷம் அவர் தொண்டையில் சதை வளர்ந்து, ஆபரேஷன் செய்தார்கள். கெட்ட கட்டி இல்லை. ஆனால் டாக்டர், ஆறும் வரைக்கும் பேசவே கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது, புகை பக்கம் போகவே கூடாது என்று சொல்லிவிட்டார். பேச முடியாமல் கிடக்கப்போகிறோம் என்று தெரிந்துதான் ஆபரேஷனுக்கு முன்பே அந்த ஆர்கனைசரின் அடியில் மாட்டுகிற மோடம் ஒன்றை வாங்கி, இன்டர்நெட்டுக்கும் பதிந்து வைத்திருந்தார். பெங்களூரில் பல் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளுக்கு இமெயில் எழுதலாம் என்று திட்டம். மோடம் வாங்கியதை அவளிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தார். ஆபரேஷனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறது என்றால் வீட்டில் கூரையே விழுந்தாலும் சொல்ல மாட்டோம். பரீட்சை முடியட்டும் என்போம். அவளோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவாள். நான் ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். அப்படியே ஒரு ஞாயிறு,

"அப்பா எங்கம்மா?" என்றாள்.

"பாசாருக்குப் போயிருக்காரு."

"போன வாரமும் பாசாரு. அதுக்கு முந்தின வாரம் குளிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல எந்தப் பாசாரும்மா திறந்திருக்கு?"

பாசாரை அதோடு விட்டேன். ஆபரேஷன், பேச முடியாது, மற்றபடி நல்லா இருக்கார் என்று உண்மையைச் சொன்னேன். உண்மையைச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. அவள் விடுதியில் ஈப்போப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் வீட்டில் இப்படித்தான், அப்பாவுக்கு ஆபரேஷன், பேச முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். பரீட்சை முடிந்து ஊருக்கு வந்த பிறகுதான் அவளுக்கு அப்பா இல்லை என்பது தெரிந்ததாம்.

"அம்மா, மறைக்காம சொல்லுங்க. அப்பா இருக்காரா, இல்லையா?"

"ஐயோ, இதோ பக்கத்துல உக்காந்திருக்காருடி!"

அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார். பேசக் கூடாதே, அதனால் மோதிரத்தால் அதை டொக் டொக்கென்று தட்டினார்.

"யாரு தட்டுறது? மாமாவா?" என்று அவள் அங்கே அழுதது எனக்குக் கேட்டது. "எனக்கு எதுவும் வேணாம். அதான் மோடம் வாங்கிட்டாருல்ல, அப்பா கையால ஒரு இமெயில் வரட்டும். தினமும் சாயங்காலம் இங்க கம்ப்யூட்டர் கடைக்குப் போயி பார்ப்பேன். வர்ற ஞாயிறு வரைக்கும் வரலன்னா நான் பிளேன் ஏறிடுவேன். பரீட்சை கிடக்கட்டும்."

அந்தப் பரீட்சையை விட்டால் ஒரு வருஷம் போய்விடும். அவள் சொன்னால் செய்கிறவள்.

அன்று மாலையே அவர் வேலையைத் தொடங்கினார். போனிலிருந்து ஒயரைக் கழற்றி மோடத்தில் மாட்டினார். குச்சியால் ஒரு தட்டு. சின்னத் திரையில் 'முயல்கிறது' என்று ஏதோ ஓடும், கொஞ்ச நேரத்தில் 'இணைப்பு இல்லை' என்று வந்து நிற்கும். மறுபடி தட்டுவார். மறுபடி அதுவேதான். ரகசியச் சொல்லை மாற்றி அடித்தார், நம்பரைச் சரிபார்த்தார், மோடத்தைக் கழற்றி ஊதி மாட்டினார். அது போடுகிற கீச்சுச் சத்தம் தலைவலி என்று சத்தத்தையும் அடைத்து வைத்தார். வாரம் முழுக்க இதே கதைதான். மற்ற நேரமாக இருந்தால் மோடம் விற்றவனையும் அவன் குடும்பத்தையும் ஒரு வழி பண்ணியிருப்பார். திட்டக்கூட வழியில்லாத மனுஷரைப் பார்ப்பது போலக் கஷ்டம் வேறில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தெருமுனையில் ஒரு சைபர் கபே இருந்தது. கதவைத் திறந்தாலே சிகரெட் புகை முகத்தில் அடிக்கும். அவரை அங்கே கூட்டிப் போக முடியாது. நான் போய் யாரையாவது தட்டச் சொல்லி அனுப்பினால் அது அப்பா கையால் எழுதியது ஆகுமா?

சனிக்கிழமை சாப்பிட்ட பிறகு அவர் ஒரு தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார். இன்டர்நெட் கம்பெனியின் உதவி நம்பரும், அதன் கீழே 'நீ பேசு' என்பதும் இருந்தன. முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பேசுவது என்றால் எனக்குக் கை ஈரமாகிவிடும். கேட்க வேண்டியதை மலாயில் மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். ஒயரைப் போனில் திரும்ப மாட்டி, வழக்கம்போலத் தரையில் இரண்டு மிதி மிதித்துவிட்டு, நம்பரைச் சுழற்றினேன்.

ஒரு மலாய்ப் பெண் எடுத்தாள். என் பதற்றம் தெரிந்ததோ என்னவோ, "சபார், புவான்", பொறுமை அம்மா, என்று இதமாகத்தான் பேசினாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மோடத்தின் சத்தத்தைத் திறந்து வைத்து இன்னொரு தரம் முயற்சி செய்யுங்கள், என்ன மாதிரிச் சத்தம் வருகிறது என்று திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றாள். நன்றி சொல்லி வைத்தேன். அவ்வளவு பேசியதே எனக்குப் பெரிய காரியமாக இருந்தது.

அவர் சத்தத்தைத் திறந்து குச்சியால் தட்டினார். மோடத்துக்குள்ளிருந்து முதலில் ங்ஙொய்யென்று ஒரு ஓசை. பிறகு டக டக டகவென்று நம்பர் ஓடியது. நடுவில் ஒரு களுக். அப்புறம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மனுஷக் குரல் வந்தது.

"ஹலோ! பூக்கடை! யாருங்க? ஹலோ! ஏன், வாயில கொழுக்கட்டையா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன். நாங்கள் போன் பேசவில்லையே, இன்டர்நெட்தானே போடுகிறோம் என்று எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் பதிந்துவிட்டிருந்தது. ஒரு வாரமாக ஒருவரும் தரையை மிதிக்கவில்லை.

கீழே இறங்கிப் போனேன். அக்கா முன்னால் மஞ்சள் செவ்வந்தி மலைபோலக் குவிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நாரைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு,

"வாம்மா, வா. கீழ ஒரு ஆள் இருக்குறது இன்னிக்கித்தான் ஞாபகம் வந்துச்சா? ஒரு வாரமாப் போன் கிணுங்குது, எடுத்தா ஆளு இல்ல. சில நேரம் காதுல ஆணி அடிச்ச மாதிரி கீச்சுனு கத்துது. மேலேருந்துதான் வருதோன்னு பார்த்தா மிதிக்கிற சத்தமும் இல்ல. என்னா கோவம் என் மேல?" என்றார்.

"கோவமெல்லாம் இல்லக்கா. அது நாங்க இல்ல, மிஷினு."

"மிஷினுக்குத்தான் காலு இல்ல. உனக்குமா இல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நின்றபடியே மகள் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் கை பூவிலேயே நின்றுவிட்டது.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்னா லா? நானும் பெத்தவதானே. கல்யாண வீட்டுக்காரங்க நான் எடுக்கலன்னா திரும்பக் கூப்பிடுவாங்க. செத்த வீட்டுக்காரங்க கூப்பிட மாட்டாங்க, அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. அதான் மணி அடிச்ச ஒடனே எடுக்குறேன்." போனை ஒரு பார்வை பார்த்தார். "ரவாங்லேருந்து ஒரு ஆளு மாலைக்குக் கூப்பிடணும். சரி, அது கிடக்கட்டும். நீ போயி மிதி. நல்லா மிதி."

பூக்கூடை ஒன்றை எடுத்துப் போன் மேல் கவிழ்த்தார்.

மேலே வந்து மிதித்தேன். மிதித்த வேகத்தில் அலமாரித் தட்டுகள் சலசலத்தன. அவர் குச்சியால் தட்டினார். டக டக டக. கீழிருந்து, "எடுக்கல! நான் எடுக்கல!" என்று அக்கா கத்தினார். ஒரு கீச்சு, அதன் மேல் இன்னொரு கீச்சு, தகரக் கூரையில் மணலைக் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு அமைதி. திரையில் வேறு ஒரு சொல் வந்திருந்தது. அவர் அதைக் குச்சியால் எனக்குச் சுட்டிக் காட்டினார்.

கடிதத்தை வாரத் தொடக்கத்திலேயே எழுதித் தயாராக வைத்திருந்தார். அதில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் தமிழ்தான். அனுப்பும்போது எனக்குக் காட்டினார். மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'அங்கே மழையா? குடை எங்கே? முதல் குடையைப் பஸ்ஸில் விட்டாய், அடுத்ததைக் கேண்டீனில் விட்டாய். இப்போது இருப்பதாவது இருக்கிறதா? எனக்குத் தொண்டையில்தான் கோளாறு, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. உன் அம்மா ரசமாக ஊற்றிக் கொல்கிறாள். வராதே. உட்கார்ந்து படி. சரி, வை வை, பில் ஏறுது.'

அவள் எப்போது கூப்பிட்டாலும் அவர் முதலில் கேட்பது குடையைத்தான். முடிக்கும்போது சொல்வது அந்தப் பில்லைத்தான். இமெயிலில் எதை வைக்கச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

போய்விட்டது என்று திரை சொன்னது. நான் ஜன்னலில் தலையை நீட்டி, "முடிஞ்சிச்சுக்கா!" என்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி நான் கத்தியது அதுதான் முதல் தரம்.

பதில் வருமா என்று பார்க்க விளக்கு வைக்கும் வரை காத்திருந்தோம். அவர் நடந்துகொண்டே இருந்தார். அதற்குள் அக்காவே ஒரு முழம் மல்லிகையோடு மேலே ஏறி வந்துவிட்டார்.

"ரவாங் ஆளு கூப்பிட்டுட்டாரு. இனிமே மிதிக்கவெல்லாம் வேணாம். கூடைய நம்ப முடியாது, என் கையையும் நம்ப முடியாது. என் போன் ஒயரையே பிடுங்கிட்டேன். போடுங்க."

மிதிக்காமல் போடுவதற்கு மனசு கேட்கவில்லை. மெதுவாக இரண்டு மிதி மிதித்தேன். அவர் தட்டினார். அதே கீச்சு, அதே இரைச்சல், அமைதி. ஒரு கடிதம் வந்திருந்தது. அவர் பார்த்தார், கண்ணைத் துடைத்தார், ஆர்கனைசரை என் கையில் கொடுத்தார்.

"சத்தமாப் படிம்மா, எனக்கும் கேக்கட்டும்" என்றார் அக்கா.

படித்தேன்.

'அப்பா, நீங்கதான். வேற யாருக்கும் இப்படி எழுத வராது. குடை பத்திரமா இருக்கு, ஆனா அது ரூம்மேட்டோட குடை. நான் வரல. படிக்கிறேன். அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்களுக்குப் பொய் சொல்லவே தெரியல. வைக்கிறேன், பில் ஏறுது.'

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அக்கா பூவை என் தலையில் வைத்துவிட்டு, "ரசம் இருந்தா எனக்குக் கொஞ்சம் ஊத்து" என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம். அந்த வாரத்தில் அவர் தட்டைக் காலி செய்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் பூக்கடைப் போன் அடிக்கவே இல்லை. பிடுங்கிய ஒயரை யாரும் திரும்ப மாட்டவில்லை. நான் கீழே போய் மாட்டிவிட்டு வந்தேன்.