மேல்மாடியில் றிபாவின் குரல்

இல்லை, மூக்கு என்னுடையதுதான். நெற்றி மட்டும் மருமகன் நிப்றாஸின் பக்கம். அவர் கட்டாரில் இருந்து வீடியோவில் பார்த்துவிட்டு மூக்கும் தன்னுடையது என்கிறார். தூரத்தில் இருப்பவர், சொல்லிவிட்டுப் போகட்டும். மடியில் வைத்துப் பார்த்தவன் நான். பேத்தி பிறந்ததிலிருந்து என் ஓட்டோவில் ஏறுகிறவர்களுக்கெல்லாம், அவர்கள் கேட்காவிட்டாலும், இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஆனால் இப்போது சொல்ல வந்தது பேத்தியின் தாயைப் பற்றி. என் மகள் றிபாவைப் பற்றி.

றிபாவுக்குப் பேச்சு பிந்தித்தான் வந்தது. சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கத்தித் திரிந்த வயதில் இவள் வாயைத் திறக்கவில்லை. யார் கதைத்தாலும் அவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஊமையாகிவிடுவாளோ என்று என் மனைவி நேர்ச்சை வைத்தாள். பிறகு பேச்சு வந்தது, ஆனால் கேட்கிற பழக்கம் போகவில்லை. அந்தப் பழக்கம்தான் அவளுக்குத் தொழில் கொடுத்தது.

கல்முனைக் கடைத்தெருவில் ஜவுபர் ஹாஜியாரின் துணிக்கடை. மேல்மாடி பெண்களுக்கு. அங்கே வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கறுப்பு அபாயா, ஒரே முகத்திரை, நெஞ்சில் பெயர் எழுதிய பேட்ஜ். மேலே பெண்கள் மட்டும்தான் என்றாலும் கூரையில் கமரா இருப்பதால் யாரும் முகத்திரையை உயர்த்துவதில்லை. ஆகவே வாடிக்கையாளர்களுக்கு றிபா என்றால் ஒரு குரலும் இரண்டு கைகளும்தான். ரகசியம் சொல்வதுபோல் இறங்கிய குரல். "ராத்தா, இந்த நிறம் உங்களுக்கு எடுக்காது. கொஞ்சம் பொறுங்க, வாற மாசம் நல்லது வரும்" என்று, வந்தவரை அக்கா முறை சொல்லித் திருப்பி அனுப்புவாள். திருப்பி அனுப்பப்பட்டவர் அடுத்த மாதம் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவார். வரிப்பத்தான்சேனையில் இருந்தும் வருவார்கள், வீரமுனையில் இருந்து சேலை எடுக்கவும் வருவார்கள். றிபா லீவு என்றால் படியேறாமலே திரும்பிவிடுவார்கள்.

போன வருடம் பாண்டிருப்பில் இருந்து கஜனி என்ற பிள்ளை வந்தாள். பல்கலைக்கழகத்தில் வியாபாரம் படிக்கிறவள். வாடிக்கையாளர்கள் ஒரு கடையை எதற்காக நம்புகிறார்கள், கவனிப்பு எப்படி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. படியடியில் நின்று இறங்கி வருகிற பெண்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்கிறாள், பொலிஸ்காரர் தோற்றார் என்று றிபா வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

முடிவில் கஜனி போய் ஹாஜியாரிடம் உள்ளதைச் சொன்னாள். விலையும் மற்றக் கடை விலைதான், துணியும் மற்றக் கடைத் துணிதான், சனம் றிபாவை நம்பித்தான் வருகிறது என்று. வேறு முதலாளி என்றால் சந்தோஷப்பட்டிருப்பார். ஹாஜியாருக்குப் பயம் பிடித்தது. அப்போது றிபா பிள்ளைத்தாய்ச்சி.

உதவிக்கு என்று சொல்லி வரிப்பத்தான்சேனையில் இருந்து அஸ்னாவைக் கொண்டுவந்து றிபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். றிபாவின் உயரம், றிபாவின் உடம்பு. நல்ல பிள்ளை, சொன்னதைப் பிடித்துக்கொள்கிறாள் என்று றிபாவே புகழ்ந்தாள். எந்த ராத்தாவுக்குத் தோள் இறக்கம், யாருக்கு வெள்ளை பிடிக்காது, வேண்டாம் என்பதை எப்படி மனம் நோகாமல் சொல்வது, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். "அவ இப்ப என்ட வாயாலதான் கதைக்கா" என்று ஒருநாள் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை.

பிள்ளை பிறந்தது. நான் என் பாட்டில் வானத்தில் பறந்துகொண்டிருந்தேன்.

ஒரு பகல், பிள்ளையைச் சுற்றுவதற்கு மெத்தென்ற துணி வாங்க ஹாஜியாரின் கடைக்குப் போனேன். கீழே, படியடியில் நின்றேன். வெயில் ஏறிய நேரம், கீழ்ப்பகுதியில் சனமில்லை. தொங்கவிட்ட அபாயாக்கள் மின்விசிறிக் காற்றில் ஆளில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. மேலே றிபா சிரித்தாள்.

"பொறுங்க ராத்தா, இத விட நல்லது ஒண்டு எடுத்து வெச்சிரிக்கன்" என்றாள்.

என் மகளின் குரல். பிறந்த நாளில் இருந்து அறிந்த குரல். வீட்டில் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் எப்படி வந்தாள் என்று பதறி, வீட்டுக்குப் போன் எடுத்தேன். றிபாதான் எடுத்தாள். பின்னால் பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது. "சொல்லுங்க வாப்பா" என்றாள். அதே நேரத்தில் மேலே அவள் யாருக்கோ துணியின் அகலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காதில் என் மகள், மற்றக் காதிலும் என் மகள். என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்கத்தான் எடுத்தேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு.

அடுத்த வாரம் ஸுல்பிகா டீச்சர் என் ஓட்டோவில் ஏறினார். ஓய்வு பெற்றவர். கடை திறந்த காலத்தில் இருந்து றிபாவிடம் மட்டுமே துணி எடுக்கிறவர். மகளின் கலியாணத்துக்கு எடுத்த துணிப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஏசத் தொடங்கினார்.

"பச்சப் புள்ளய விட்டுட்டு அவள வேலைக்கு அனுப்பிரிக்கீங்களே, உங்களுக்கு மனசு கல்லா?"

ஆரு சொன்னது என்று கேட்டேன்.

"ஆரு சொல்லணும்? இப்ப மேல அவதானே எனக்கு எடுத்துத் தந்த. முகத்துக்கு மேல உம்மாட முந்தானையப் போட்டாத்தான் புள்ள தூங்குமாமே. அதையும் சொன்னா."

அது உண்மை. எங்கள் வீட்டுக்குள் நடப்பது. கண்ணாடியில் டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. 

அவரை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்க் கடையின் பின்கேற்றில் அஸ்னாவைக் கண்டேன். சோற்றுப் பார்சலோடு நின்றாள். நெஞ்சில் றிபா என்ற பேட்ஜ். என் வீட்டுக் கதை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் கோபிக்கவில்லை.

"நான் ஒண்டும் உண்டாக்கிச் சொல்லல்ல மாமா. உங்கட பக்கத்து வீட்டாக்கள் வந்து, புள்ள இப்பிடித்தான் தூங்குதாமே எண்டு என்னட்டக் கேட்ட. நான் ஓம் எண்ட. பொறகு வாறவங்க கேட்டா அதையே சொல்ற. அவ்வளவுதான்."

சரி, நியாயம் இருக்கிறது என்று திரும்பினேன். அவள் மெல்லச் சொன்னாள்.

"ஆனா மேல ஆளில்லாத நேரத்தில புள்ள அழுற சத்தம் கேக்குது மாமா. மத்தப் புள்ளைகளுக்குக் கேக்கல்லையாம். எனக்கு மட்டும்தான்."

உள்ளே போய்க்கொண்டிருந்தாள். "அஸ்னா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மற்றப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை.

நாற்பது நாள் கழிந்து றிபா வேலைக்குப் புறப்பட்டபோதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெரிதாக எடுக்கவில்லை. கடை நிற்காமல் ஓடியது நல்லதுதானே, நான் போனதும் அஸ்னா தன் பெயருக்குப் போய்விடுவாள் என்றாள். அந்த இடம் அவளுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். வீட்டில் அவள் என் மகள், நிப்றாஸின் மனைவி, இப்போது ஒரு பிள்ளைக்கு உம்மா. றிபா என்று அவளைத் தேடி மனிதர்கள் வந்தது அந்த மேல்மாடிக்குத்தான்.

கடையில் ஹாஜியார் எங்களைக் கதிரையில் இருத்திக் குளிர்பானம் தந்தார். மரியாதைக்குக் குறைவில்லை. "றிபா ரெண்டு பேரா மேல நிண்டா சனம் குழம்பும் மகள்" என்றார். கீழே சின்னப் பிள்ளைகளின் உடுப்புப் பக்கம் ஓர் ஆள் தேவையாம். சம்பளத்தில் குறைக்க மாட்டாராம். பெயர் மட்டும் வேறு போட வேண்டுமாம்.

"என்ன பேர் ஹாஜியார்?" என்று றிபா கேட்டாள்.

மேசை லாச்சியைத் திறந்து ஒரு பேட்ஜை எடுத்து மேசையில் வைத்தார். அஸ்னா என்று இருந்தது. புதிதாக அடிக்கத் தேவையில்லை, ஒரு நாளும் போடாதது என்றார்.

றிபா அதைத் தொடவில்லை. அந்த நேரம் ஸுல்பிகா டீச்சர் படியேறிக்கொண்டிருந்தார். டீச்சரே சொல்லட்டும், அவருக்குத் தெரியாத றிபாவா என்று சொல்லிவிட்டு என் மகள் பின்னால் ஏறினாள். ஹாஜியாரும் ஒத்துக்கொண்டார். ஆண்கள் இருவரும் படியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ராத்தா, நான் றிபா வந்திரிக்கன்."

"என்ன ராத்தா இது, நான்தானே இஞ்ச இரிக்கன்."

முதலில் பேசியது யார், இரண்டாவது யார்? பெற்றவன் நான். என்னால் பிரிக்க முடியவில்லை. பக்கத்தில் ஹாஜியார் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

டீச்சர் குழம்பினாலும் பள்ளிக்கூடத்து ஆள். தன் மகளின் கலியாணத்துக்குத் தான் எடுத்த நிறம் என்ன என்று கேட்டார். ஒரு குரல் உடனே சொன்னது, மாதுளம்பூ நிறம், ஓரத்தில் வெள்ளி வேலை. மற்றக் குரல் பேசாமல் இருந்தது. அப்போதுதான் எனக்கு என் மகளைத் தெரிந்தது. அந்தத் துணி எடுத்த நாளில் அவள் பிள்ளையோடு வீட்டில் படுத்திருந்தாள்.

கமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று அவள் முகத்திரையை உயர்த்தினாளாம். இதைப் பிறகு என்னிடம் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்து நன்றாகப் பார்த்தாராம். பார்த்துவிட்டுச் சொன்னது எனக்குக் கீழேயே கேட்டது.

"வடிவான முகம் மகள். ஆனா நான் றிபாட முகத்த ஒரு நாளும் கண்டதில்லையே. நீ நல்லாத்தான் கதைக்கிறாய். பழகினா உன்னட்டயும் சனம் வரும்."

திரும்பி வரும்போது ஓட்டோவில், பள்ளிவாசலுக்குப் போய் நிர்வாகத்திடம் சொல்வோமா என்று கேட்டேன். என்னத்தைச் சொல்ல வாப்பா, ஊரில் எத்தனை றிபா இருக்கிறார்கள் என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவளுடைய குரல் மாறியது. கொஞ்சம் உரத்து, கொஞ்சம் அவசரமாக, எங்களுக்குத் தெரியாத யாரோ போலப் பிள்ளையைக் கொஞ்சுகிறாள். ஏன் இப்படிக் கதைக்கிறாய் என்று அவளுடைய உம்மா கேட்டதற்கு, மற்றக் குரல் அங்கே கடையில் பாவனையில் இருக்கிறது என்று சொன்னாளாம். பகிடியாகச் சொன்னாளா என்று மனைவிக்குத் தெரியவில்லை. பிள்ளைக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. எந்தக் குரலுக்கும் சிரிக்கிறது, என் மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

இன்று காலை பேத்திக்குப் புது உடுப்பு போட்டிருந்தது. இளம்பச்சை, கழுத்தில் சின்ன நாடா. மடியில் வாங்கிக்கொண்டு, எந்தக் கடையில் எடுத்தாய் என்று மகளிடம் கேட்டேன். அக்கரைப்பற்றுப் பக்கம் எங்கேயாவது போயிருப்பாள் என்று நினைத்தேன்.

"நேத்து றிபாக்கிட்டத்தான் எடுத்த வாப்பா" என்றாள். "நான் வேற ஒண்டத்தான் கேட்ட. அது புள்ளைக்குக் குத்தும், வேணாம் எண்டா. அவ சொன்னா நம்பலாம்."